இருபத்திரண்டு அலகும் ஒரு சிவப்பு முள்ளும்

“வெள்ளைக்காரனுக்கு 12 சுரம். நம்ம பாட்டனுக்கு 22.” தமிழிசை பற்றிப் பேச வருகிறவர் இதைச் சொல்லாமல் மேடையைவிட்டு இறங்கி நான் பார்த்ததில்லை. சொன்னதும் கைதட்டல். நானும் தட்டியிருக்கிறேன், இடைநிலைப்பள்ளியில் ஒருமுறை, பல்கலைக்கழக விழாக்களில் பலமுறை. ஒருமுறைகூடப் பக்கத்து நாற்காலிக்காரரிடம், “அந்த இருபத்திரண்டையும் நீங்க காதால கேட்டிருக்கீங்களா?” என்று கேட்டதில்லை. பேசியவரிடமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், கீழே சொல்லப்போகிற தப்பை நான் செய்திருக்க மாட்டேன்.

நான் இசை படித்தவன் இல்லை. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்துவிட்டு, ஒரு தொழிற்சாலையில் டெஸ்ட் இன்ஜினியராக இருக்கிறேன். என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: ஓர் எண், அதற்கு மேலே ஒரு வரம்பு, கீழே ஒரு வரம்பு. அளந்தது நடுவில் விழுந்தால் திரையில் பச்சை. வெளியே விழுந்தால் சிவப்பு. சிவப்பு விழுந்த பொருள் தனிப் பெட்டிக்குப் போய்விடும். இந்தப் பழக்கத்தை நான் ஒரு தேவார வகுப்புக்குள் கொண்டுபோனேன்.

எங்கள் தாமான் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த வகுப்பு நடக்கும். நடத்துகிறவர் எழுபதைத் தாண்டிய ஐயா ஒருவர். சின்ன வயதில் தோட்டத்தில் பால்வெட்டு, பிறகு துறைமுகத்தில் வேலை, இடையில் பல வருடம் ஓர் ஓதுவாரிடம் உட்கார்ந்து கற்ற பாட்டு. எனக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். பிள்ளைகளுக்குச் சுருதி நிற்கவில்லை என்று ஓர் அம்மா குறைப்பட்டபோது, “நான் ஒன்னு செஞ்சு தரேன் ஐயா” என்றேன். மைக்கில் பாடினால், குரல் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று திரையில் ஒரு முள் காட்டும். சுரத்தோடு ஒட்டி நின்றால் பச்சை. விலகினால் சிவப்பு. மண்டபத்து புரொஜெக்டரில் ஓடவிட்டோம். பிள்ளைகளுக்கு அது ஒரு கேம். வரிசையில் நின்று பாடினார்கள்.

ஒருவன் கேட்டான்: “ஐயா, நீங்க பாடுங்க.”

ஐயா கௌசிகப் பண்ணில் ஒரு பதிகம் எடுத்தார். முள் துடித்தது. சிவப்பு, சிவப்பு, எப்போதாவது ஒரு பச்சை, மறுபடி சிவப்பு. “ஐயா பெயிலு!” என்று ஒரு பொடியன் கத்தினான். மண்டபமே சிரித்தது. ஐயாவும் சிரித்தார். நானும் சிரித்தேன் என்பதை எழுதாமல் விட முடியாது.

அடுத்த வாரத்திலிருந்து ஐயா ஆர்மோனியத்தை மடிக்கு அருகில் இழுத்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு சுரத்துக்கும் கட்டையை அழுத்தி, அது சொன்ன இடத்தில் குரலை நிறுத்தினார். முள் பச்சையானது. பிள்ளைகளும் பச்சையானார்கள். சில வாரம் கழித்து, முதலில் குறைப்பட்ட அதே அம்மா என்னிடம் வந்து, “ஐயா இப்பல்லாம் முன்ன மாதிரி பாடறதில்ல தம்பி, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றார்.

ஐயாவின் உடம்புக்கு ஒன்றுமில்லை. கோளாறு என் கோட்டில். கோட் என்றால் நான் எழுதிய நிரல்.

அந்த நிரலுக்குத் தெரிந்த சுரங்கள் 12தான். நான் தேர்ந்தெடுக்கவில்லை, மென்பொருள் நூலகத்தில் ஏற்கெனவே இருந்தது, எடுத்துப் போட்டேன். கீழ் ச-விலிருந்து மேல் ச வரை உள்ள தூரத்தை 1200 சென்ட் என்று வைத்துக்கொண்டு, அதை நூறு நூறாக 12 சம துண்டாக வெட்டியதுதான் கீபோர்டு. கணினிக்கும் கீபோர்டுக்கும் பேச்சு மொழியாக 1983இல் வந்த மிடி, சுரத்துக்கு எண் கொடுக்கிறது: 60 ஒரு கட்டை, 61 அடுத்த கட்டை. 60க்கும் 61க்கும் நடுவில் ஒரு சுரம் வேண்டுமென்றால், கட்டையை அழுத்திவிட்டுத் தனியாக வளைக்க வேண்டும். நேர்வழியில் அதற்கு இடமில்லை. மாற்றிக்கொள்ள வழி இல்லாமல் இல்லை. ஆனால் பெட்டியைத் திறந்ததும் கிடைப்பது 12தான். முக்கால்வாசிப் பேர் அதைத் தாண்டிப் போவதில்லை. நானும் போகவில்லை.

அந்த 12உம் இயற்கை கொடுத்த வரம் இல்லை. ச-வை 200 ஹெர்ட்ஸில் வையுங்கள். அதோடு முழுக்க இணங்குகிற அந்தரக் காந்தாரம் நாலுக்கு ஐந்து என்ற விகிதத்தில், 250 ஹெர்ட்ஸில் இருக்கும். கீபோர்டு காந்தாரம் ஏறத்தாழ 252. இரண்டு ஹெர்ட்ஸ்தானே என்று தோன்றும். இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிட்டால், மேல் அதிர்வுகள் மோதி நொடிக்கு எட்டு முறை ஒலி அதிரும். பௌதிகப் பாடத்தில் விம்மல் என்று படித்திருப்போமே, அதுதான். தம்புராவோடு பாடிப் பழகிய காது இந்த விம்மலை விட்டு விலகிப் போகும். போன காதை நோக்கி என் முள் சிவப்பு காட்டும். சுருங்கச் சொன்னால், ஓர் அளவுகோலின் சமரசத்தை ஒரு மனிதனின் பிழையாக நான் திரையில் எழுதினேன்.

இந்த இடத்தில் மேடைக்காரர் குதிப்பார். “பார்த்தீர்களா? அதனால்தான் சொல்கிறோம், 12 தப்பு, 22தான் சரி!”

அப்படித்தான் நானும் நினைத்தேன். அளவுகோலை மாற்றினால் போச்சு. மனுவல் ஆப் டெ குல் என்கிற டச்சுக்காரர் எழுதிய ஸ்காலா என்ற மென்பொருள் இருக்கிறது. இலவசம். நாமே ஒரு சுர வரிசையை எழுதிக் கொடுத்தால் அதை ஒலிக்கச் செய்யும், பிரித்துக் காட்டும், ஒன்றோடு ஒன்று ஒப்பிடும். உலகத்தின் பல மரபுகளிலிருந்து 5000க்கும் மேற்பட்ட சுர வரிசைகள் அதன் கிடங்கில் உண்டு. ஃபைல் வெறும் எழுத்துதான். முதலில் ஒரு பெயர், அடுத்து எத்தனை சுரம், பிறகு ஒரு வரிக்கு ஒரு சுரம். விகிதமாக எழுதலாம், 3/2 என்று. சென்டாக எழுதினால் கட்டாயம் புள்ளி வைக்க வேண்டும். நான் முதல் நாள் 702.0 என்று எழுத வேண்டிய இடத்தில் புள்ளியை விட்டுவிட்டு 702 என்று எழுதினேன். மென்பொருள் அதை 702 மடங்கு என்று எடுத்துக்கொண்டது. 200 ஹெர்ட்ஸில் ச வைத்தால் ப 1,40,400 ஹெர்ட்ஸில். நாய்க்குக்கூடக் கேட்காத பஞ்சமம்.

சரி, 22க்கு வருவோம். சிலப்பதிகார உரை மரபு சொல்கிற கணக்கு நம்மில் பலருக்கு மனப்பாடம்: குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2. கூட்டினால் 22. கணக்கு அழகானது. ஆனால் ஃபைல் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே இடிக்கிறது. ஓர் அலகு எத்தனை சென்ட்?

எல்லா அலகும் சமம் என்று வைத்தேன். ஒன்று ஏறத்தாழ 54.5 சென்ட். குரலிலிருந்து இளிக்கு 13 அலகு. அதாவது 709 சென்ட். இயற்கைப் பஞ்சமம் 702. அதே 200 ஹெர்ட்ஸ் ச-வோடு ஒலிக்கவிட்டால் நொடிக்கு இரண்டரை விம்மல். நாம் ஏளனம் செய்கிற கீபோர்டுப் பஞ்சமம் 700 சென்ட். அதில் நொடிக்கு ஒன்றுகூட முழுதாக இல்லை. நம்பாதவர்கள் போட்டுக் கேட்கலாம். “பாட்டன் சுரம்” என்று நான் பெருமையோடு அழுத்திய இளி, சைனாக்காரன் கடை கீபோர்டைவிட மோசமாக அழுதது.

அப்படியென்றால் அலகுகள் சமமில்லை என்று வைப்போம். இன்று பலர் காட்டும் 22 விகிதப் பட்டியல் அப்படிப்பட்டது: 256/243, 16/15, 10/9, 9/8 என்று போகும். அதில் ஒரு படி 90 சென்ட், ஒரு படி 70, ஒரு படி 22. மூன்று உயரத்தில் படி வைத்த மாடிப்படி. பஞ்சமம் சுத்தமாக இருக்கிறது, காந்தாரமும் இனிக்கிறது. ஆனால் இந்த விகிதங்களில் எதையும் சிலம்பு சொல்லவில்லை. பிற்காலத்தவர் கணக்குப் போட்டுக் கொண்டுவந்து வைத்தவை. வைத்தது தப்பில்லை. வைத்ததை மறைத்து, கண்ணகி காலத்திலிருந்து அப்படியே வந்ததாகப் பேசுவதுதான் தப்பு.

இன்னொரு பாட்டன் இருக்கிறார், அவரை மேடையில் குறைவாகத்தான் கூப்பிடுகிறோம். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர். சித்த மருத்துவர். 1917இல் ஆயிரம் பக்கத்துக்கு மேல் கருணாமிர்த சாகரம் எழுதியவர். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டுக்குத் தன் மகள்களோடு போய், தன் முடிவுகளைப் பாடியும் வாசித்தும் காட்டவைத்தவர். அவர் சொன்னது என்ன? 22 சுருதிக் கணக்கு தவறு, ஸ்தாயிக்கு 24, அதுவும் சம பங்கு. ஃபைலாக எழுத இதைவிட எளிது எதுவுமில்லை: 50.0, 100.0, 150.0 என்று போய்க்கொண்டே இருக்கும். எழுதி முடித்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த 24இல் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் வருவது கீபோர்டு. வெள்ளைக்காரனின் 12 என்று எதைத் திட்டுகிறோமோ, அது பண்டிதரின் 24க்குள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

30 ஆண்டு கழித்து 1947இல் யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகள் மீண்டும் 22க்கு வந்தார். இரண்டு பெரியவர்கள், இரண்டு எண்கள், இருவருக்கும் தமிழ்மேல் தீராத பற்று. நம் மேடைப்பேச்சில் இந்தச் சண்டை இருக்கிறதா? இல்லை. பண்டிதர் பெயரையும் சொல்லி, அடிகள் பெயரையும் சொல்லி, “22 அலகு” என்று முடிப்பதை என் காதால் கேட்டிருக்கிறேன். பண்டிதர் கேட்டிருந்தால் மேடையேறி மைக்கைப் பிடுங்கியிருப்பார்.

இது நமக்கு மட்டும் வந்த நோய் என்று நினைக்க வேண்டாம். 1932இல் கெய்ரோவில் அரபு இசைக்காக மாநாடு கூட்டினார்கள். அங்கேயும் ஸ்தாயியை 24 சம பங்காக வெட்டலாமா என்று வாதம். ஒத்த முடிவுக்கு வர முடியவில்லை. அவர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் அதற்குப் பிறகு. மத்தியக் கிழக்குச் சந்தைக்கென்று வரும் கீபோர்டுகளில், வேண்டிய சுரத்தைக் கால் சுரம் இறக்கிக்கொள்ளப் பொத்தான்கள் முகப்பிலேயே இருக்கின்றன. இராக்கிய மரபில் வந்த ஊத் கலைஞர் கயாம் அல்லாமி, இசை மென்பொருள்கள் திறந்ததும் 12ஐ நீட்டுவதைக் கேள்வி கேட்டு, யாரும் தங்கள் சுர வரிசையைத் தாங்களே அமைத்துக்கொள்ள லெய்மா, அப்போட்டமி என்ற இரண்டு கருவிகளை ஒரு குழுவோடு சேர்ந்து 2021இல் வெளியிட்டார். உலாவியில் திறந்து உடனே வாசிக்கலாம். அவர்கள் முடிவுக்கு வராத வாதத்தைக் கருவியாக்கினார்கள். நாம் முடிவுக்கு வந்துவிட்டதாகப் பாவனை செய்து பொன்னாடையாக்கினோம்.

மீண்டும் ஐயாவிடம் வருகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வெகுநாள் முன்பு, திருவிழாவில் அவர் அதே கௌசிகப் பண் பாடியதை என் கைப்பேசியில் பதிந்து வைத்திருந்தேன். ஒலியின் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைந்து காட்டும் மென்பொருளில் போட்டேன். பிறகு என் அளவுகோல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் விரித்தேன். 12: சிவப்பு. சம 22: சிவப்பு. விகித 22: சிவப்பு. பண்டிதரின் 24: கோடுகள் நெருக்கமாக இருப்பதால் பச்சை கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். 48 போட்டால் இன்னும் கூடும். 1200 போட்டால் முழுப் பச்சை. எல்லாவற்றையும் பாஸ் போடுகிற டெஸ்ட் டெஸ்ட்டே இல்லை என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

கோட்டை உற்றுப் பார்த்தால் காரணம் தெரிந்தது. கௌசிகம் பைரவி ராகத்தில் பாடப்படுவது. அதன் காந்தாரம் நிற்காது, ஆடும். ரி-க்குப் பக்கத்திலிருந்து எழுந்து ம-வை உரசிவிட்டு இறங்கும், மறுபடி எழும். இந்தக் காந்தாரம் 22இல் எத்தனையாவது? சராசரி எடுத்தால் ஓர் எண் வரும். கோலாலம்பூருக்கும் ஈப்போவுக்கும் ஓடுகிற எக்ஸ்பிரஸ் பஸ்ஸின் சராசரி இடம் சிலிம் ரிவர் பக்கம் என்று சொல்வது போன்ற எண் அது. பஸ் அங்கே நிற்பதே இல்லை. 1963லேயே ஜெய்ரஸ்பாய், ஸ்டோன் என்ற இருவர் இந்துஸ்தானிக் கலைஞர்களின் சுரங்களை அளந்து, காந்தாரம் ஆளுக்கு ஆள் எவ்வளவு மாறுகிறது என்று காட்டியிருக்கிறார்கள். நம் மேடைகளுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

ஆகவே என் சண்டை மூன்று பேரோடு.

முதலாமவர், எண்ணைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவர். 22 பெரிது, 12 சின்னது என்பதுதான் அவர் வாதத்தின் மொத்தமும். எண் பெரிதாக இருப்பதுதான் பெருமை என்றால், ஸ்காலாவில் 53 சம பங்கு இருக்கிறது, 72 இருக்கிறது. அவை எந்தப் பாட்டனுக்கும் சொந்தமில்லை. எந்த அலகை எங்கே வைத்தார் என்று சொல்லத் தெரியாதவர், அலகின் எண்ணிக்கையைச் சொல்லிப் பயனில்லை.

இரண்டாமவர், “தெய்வீக இசையை மெஷினால் தொட முடியாது” என்று சொல்லி எழுந்து போகிறவர். அவர் வீட்டுக் கல்யாணத்திலும் கோயில் பஜனையிலும் வாசிப்பது கீபோர்டு. அதன் 12 அவரைத் தொட்டு வருடக்கணக்காகிறது. மெஷின் வேண்டாம் என்கிறவர், தொழிற்சாலையில் செட் செய்து அனுப்பிய மெஷினைத்தான் ஏற்றுக்கொள்கிறார். திறந்து மாற்றக்கூடிய மெஷினைத்தான் மறுக்கிறார்.

மூன்றாமவர் நான். என்னைப்போல் படித்து, சனிக்கிழமை ராத்திரியில் “தமிழுக்கு ஏதாவது செய்வோம்” என்று லேப்டாப்பைத் திறக்கிற தம்பி தங்கைகள். தப்பான 12ஐ எடுத்துவிட்டுச் சரியான 22ஐ வைப்பதுதான் நம் பணி என்று நினைக்கிறோம். முள்ளும் சிவப்பும் அப்படியே இருக்க, பின்னால் உள்ள பட்டியலுக்கு மட்டும் தமிழ்ப்பெயர் சூட்டுகிறோம். அப்போதும் ஐயா பெயில்தான். தமிழில் பெயில்.

நம் நாட்டிலேயே ஒரு பாடம் இருக்கிறது. இரண்டு கமெலான் செட்டுகள் ஒரே சுருதியில் இருக்காது. செய்தவரின் காது அந்தந்த செட்டில் இருக்கிறது. ஒரு செட்டின் வெண்கலத்தை எடுத்து இன்னொரு செட்டில் வைத்தால் ஒட்டாது. அதற்காக எந்த மலாய்க் கலைஞரும் ஒன்றைச் சரி, மற்றதைப் பிழை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

“அப்படின்னா மென்பொருளே வேண்டாம்னு சொல்றியா?” என்று நண்பன் ஒருவன் கேட்டான். இல்லை லா. இந்தக் கட்டுரையில் நான் அறிந்து சொல்லும் எல்லாமே அதைத் திறந்ததால் வந்தவை. நூறு வருடமாகத் தாளில் நடந்த 22க்கும் 24க்கும் உள்ள சண்டையைப் பத்து நிமிடத்தில் காதால் கேட்க முடிகிறது. பண்டிதருக்கும் அடிகளுக்கும் இது கிடைத்திருந்தால் ராத்திரி பகலாக உட்கார்ந்திருப்பார்கள். நமக்குக் கிடைத்திருக்கிறது, நாம் உட்காரவில்லை. தீர்ப்புச் சொல்ல அதை வைத்தால் கெடுக்கும். கேட்க வைத்தால், நம்மிடம் என்ன இருக்கிறது, எது இருப்பதாகச் சும்மா சொல்லிக்கொள்கிறோம் என்பதைப் பிரித்துக் காட்டும்.

போன மாதம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஐயா வீட்டுக்குப் போனேன். முள்ளைப் பற்றி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தும், வாய் வரவில்லை. விகித 22ஐ ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டேன். கண்ணை மூடி முழுவதும் கேட்டார்.

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒன்னுலேருந்து இன்னொன்னுக்கு எப்படிப் போறாங்கன்னு காணோமே தம்பி” என்றார். சற்று நேரம் கழித்து, “அந்த ச, ப ரெண்டையும் மட்டும் விட்டுட்டு மத்தத நிறுத்த முடியுமா?” என்று கேட்டார்.

நிறுத்தினேன். ச-வும் 3/2இல் வைத்த ப-வும் விம்மல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு அந்தப் பதிகத்தை எடுத்தார். ஆர்மோனியம் மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. காந்தாரம் ஆடியது.

இப்போது வகுப்பில் அந்த இரண்டு சுரம் மட்டும் ஸ்பீக்கரில் ஓடுகிறது. திரையில் முள் இல்லை, நிறம் இல்லை. குரல் போகும் வழி கோடாக ஓடும். பிள்ளைகள் விரலை நீட்டிக் காற்றில் அந்தக் கோட்டைப் போட்டுப் பார்க்கிறார்கள். பிள்ளைகள் எல்லாரும் சுருதி சேர்ந்துவிட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டு பேர் இன்னும் பஸ் ஹாரன் மாதிரிதான் பாடுகிறார்கள்.

அடுத்தமுறை மேடையில் யாராவது “நமக்கு 22” என்றால், கைதட்டுவதற்கு முன்னால் எழுந்து, “போட்டுக் காட்டுங்க” என்று கேளுங்கள். மரியாதையாகவே கேளுங்கள். சம அலகா, விகித அலகா, குரல் எது, இளி எங்கே, எல்லாவற்றையும் கேளுங்கள். அவரிடம் ஃபைல் இல்லையென்றால் என்னிடம் நான்கு இருக்கின்றன. லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் நானே தூக்கிக்கொண்டு வருகிறேன்.